அவனுக்கும் புத்தி சொல்ல ஆள் வேணும்

எங்கள் பக்கத்துத் தெருப் பெண், கணவன் அடி தாங்காமல் 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்கினாள். மீறினால் ஓராண்டு வரை ஜெயில், அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே. சரிதான். ஆனால் அவனுக்கு அந்த உத்தரவைப் புரியவைக்கவோ, குடியை விட வழி சொல்லவோ ஆளில்லை. டீக்கடையில் ஏத்திவிடத்தான் நாலு பேர்! அவன் கறுவிக்கொண்டு திரிகிறான்; அவளோ ராத்திரி கதவு தட்டினாலே நடுங்குகிறாள்.

அதே சட்டத்தின் 14-வது பிரிவில், அவனையும் கவுன்சலிங்குக்கு அனுப்ப மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அதற்காக ஒரு நாள் கூலியை விட்டு, வெளியூருக்கு எவன் பஸ் ஏறுவான்? தாலுகா கோர்ட்டிலேயே வாரம் ஒரு நாள் ஆலோசகர் உட்கார்ந்தால் என்ன?

அவனுக்காகப் பரிந்து பேசவில்லை தோழிகளே. அவன் திருந்தினால்தானே அவள் நிம்மதியாத் தூங்க முடியும்!