பாஞ்சோ யாருடைய வாத்தியம்?

இண்டி ஃபோக் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மம்ஃபோர்ட் அண்ட் சன்ஸ். லண்டனைச் சேர்ந்த வெள்ளையர் குழு. முதல் ஆல்பம் 'சை நோ மோர்', 2009. கிடார் மெல்லத் தொடங்கும், பாஞ்சோ வேகமெடுக்கும், கடைசியில் எல்லோரும் சேர்ந்து குரலெழுப்புவார்கள். நல்ல ஆல்பம்தான், பாதிப் பாட்டுகள் ஒரே அச்சில் வார்த்தவை என்பது என் குறை. அதை ரசித்த தோழர்கள் 2010இல் வந்த 'ஜெனுயின் நீக்ரோ ஜிக்' ஆல்பத்தையும் கேட்க வேண்டும். ரியானன் கிடன்ஸ், டோம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் என்ற மூன்று கறுப்பினக் கலைஞர்களின் கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழு. அங்கும் பாஞ்சோதான்.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்த வாத்தியம் அது. 1840களில், வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பரைக் கேலி செய்த மேடைகளில் புகழ்பெற்றது. 1920களில் இசைத்தட்டு கம்பெனிகள் கறுப்பர் பாட்டுக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', கிராமத்து வெள்ளையர் பாட்டுக்கு 'ஹில்பில்லி' என்று தனித்தனிப் பட்டியல் போட்டன. பாஞ்சோ இரண்டாவது பட்டியலோடு ஒட்டிக்கொண்டது. செய்தவர்கள் பெயர் அதிலிருந்து உதிர்ந்துபோனது.

சாக்லேட் டிராப்ஸ் அந்தப் பெயரைத் தேடிப் போனார்கள். வட கரோலினாவில், எண்பது வயதைக் கடந்த கறுப்பின ஃபிடில் கலைஞர் ஜோ தாம்சனின் வீட்டுக்கே போய்க் கற்றார்கள். ஆல்பத்தின் தலைப்பாக உள்ள மெட்டு, கரி பூசி ஆடிய டான் எம்மெட் வழியாக வந்தது. அதற்கு அவர்கள், ஒகாயோவில் வாழ்ந்த ஸ்னோடன் என்ற கறுப்பினக் குடும்பத்தின் பெயரைச் சூட்டினார்கள். அதே ஆல்பத்தில் 2001இல் வந்த ஆர் அண்ட் பி பாட்டொன்றையும் ஃபிடிலோடு பாடியிருக்கிறார்கள். அதைத்தான் முதலில் கேளுங்கள்.

2011 பிப்ரவரியில், இரண்டு நாள் இடைவெளியில், இரண்டு ஆல்பங்களும் விருது வாங்கின. 'சை நோ மோர்' பிரிட்டனின் 'ஆண்டின் சிறந்த ஆல்பம்'. 'ஜெனுயின் நீக்ரோ ஜிக்' கிராமியின் 'சிறந்த பாரம்பரிய நாட்டுப்புற ஆல்பம்'. வெள்ளையர் கையில் பாஞ்சோ இன்றைய இசை, கறுப்பர் கையில் பாரம்பரியம்! மம்ஃபோர்ட் குழுவைத் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாத்தியம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அவர்கள் சுமக்க வேண்டியிருக்கவில்லை.

பறையை இதோடு அப்படியே பொருத்திவிட முடியாது. பாஞ்சோவைப் பிடுங்கிக்கொண்டு செய்தவர் பெயரை அழித்தார்கள். நம்மிடமோ பறையை விட்டுவைத்து, பெயரையே விலங்காக மாட்டினார்கள். சாவு வீட்டில் அடிப்பதைக் கட்டாய ஊழியமாக்கினார்கள். இப்போது அதே பறை கல்லூரி விழாக்களில் 'தமிழர் பாரம்பரிய இசை' ஆகிறது. மகிழ்ச்சி. அடித்ததற்காக இழிவுபட்டவர் யார், இழிவுபடுத்தியவர் யார் என்பது மட்டும் அந்த மேடை அறிவிப்பில் வருவதில்லை. கானாவையும் பறையையும் கிடாரையும் சேர்த்து 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், சாதி என்ற சொல்லைக் குழுவின் பெயரிலேயே வைத்தது. யாரும் அதை விட்டுவிட்டு அவர்களை அறிவிக்க முடியாது.