49 மாநிலங்களும் 537 வாக்குகளும்

1984 அமெரிக்க அதிபர் தேர்தலில் ரீகன் 49 மாநிலங்களை வாரிச் சுருட்டினார். அதிபரைத் தீர்மானிக்கும் தேர்வாளர் வாக்குகள் 538இல் அவருக்கு 525. எதிராளி மாண்டேலுக்குச் சொந்த மாநிலமான மின்னசோட்டாவும் தலைநகர் வாஷிங்டனும்தான் மிஞ்சின. ஆனால், மக்கள் வாக்கில் ரீகன் பெற்றது ஏறத்தாழ 59 சதவீதமே. பெரும்பாலான மாநிலங்களில் உள்ள, முந்தியவருக்கே மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் அனைத்தும் என்ற முறை, நல்ல வெற்றியைப் பேரலையாக ஊதிக் காட்டுகிறது.

அதே முறை 2000 தேர்தலில் வேறு முகம் காட்டியது. ஃபுளோரிடாவில் மறு எண்ணிக்கையின்போது துளையிட்ட வாக்கு அட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துளை முழுசாக விழுந்திருக்கிறதா என்று அதிகாரிகள் கண்ணை இடுக்கிப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கையை நிறுத்தியது. 537 வாக்கு வித்தியாசத்தில் அந்த மாநிலமும், அதன்வழி அதிபர் பதவியும் புஷ்ஷுக்குப் போயின. நாடு முழுதும் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்ற எதிராளி கோர் வீட்டுக்குப் போனார். 2016இல் ஹிலாரிக்கும் இதே கதிதான்.

தேர்வாளர் வாக்கு முறையையே ஒழிக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும். அதற்கு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் இசைய வேண்டும். தேர்வாளர் வாக்கு முறையால் ஆதாயம் பெறும் சிறு மாநிலங்கள் லேசில் இசையப் போவதில்லை.