மலைக்கிராமத்து மழைமானி



2024 ஜூலை 30 அதிகாலை, வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் உறங்கிக் கொண்டிருந்த 250-க்கும் மேற்பட்டோரை மண் மூடியது. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் வாழ்ந்த ஏழைத் தொழிலாளர்களும் அவர்களுள் பலர். எச்சரிக்கை வந்ததா, வரவில்லையா என்று மத்திய, மாநில அரசுகள் வாதிட்டதை நாம் பார்த்தோம். முந்தைய நாள் அம்மாவட்டத்துக்கு இருந்தது ஆரஞ்சு எச்சரிக்கைதான். சிவப்பு எச்சரிக்கை நிலம் சரிந்த பிறகே வந்ததென்று கேரள முதல்வர் அப்போது கூறினார்.

அந்த வாதத்தில் ஒரு சிறு செய்தி அமுங்கிப் போனது. கல்பற்றாவிலுள்ள ஹியூம் மையம் வயநாடு முழுவதும் 200-க்கும் மேற்பட்ட இடங்களில் மழையை அளந்து வருகிறது. அளப்பவர்களில் பலர் சாதாரண விவசாயிகள். புத்துமலையில் ஒரே நாளில் 200 மி.மீ. பதிவானதும், ஜூலை 29 காலையிலேயே மாவட்ட நிர்வாகத்திடம் தெரிவித்ததாக அம்மையம் கூறியது. ஒரு ஏக்கரில் 200 மி.மீ. மழை என்றால் எட்டு இலட்சம் லிட்டர் தண்ணீர். தண்ணீர் லாரிக் கணக்கில் அறுபதைத் தாண்டும். 2020-இல் இதே முண்டக்கையில் முன்னெச்சரிக்கையைக் கேட்டுக் குடும்பங்களை அப்புறப்படுத்தியதால் உயிர்கள் தப்பின. அளவு அன்றும் இருந்தது, 2024-லும் இருந்தது. கேட்ட காதுதான் வேறு.

நகரத்துக் கருவி போதாதா எனச் சிலர் கேட்கலாம். மலையில் அது செல்லாது. காற்று மோதும் சரிவில் கொட்டும் மழை, முகட்டுக்கு அப்பால் தூறலாகி விடும். 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் 82 செ.மீ. பதிவானபோது உதகை நகரில் அதில் ஒரு சிறு பகுதியே பெய்தது. புத்துமலையில் மலை சரிந்து 17 பேர் மாண்டதும் அதே நாளில்தான்.

மழைமானி பெரிய செலவில்லை. மரமும் சுவரும் மறைக்காத வெட்டவெளி வேண்டும். நாள் தவறாமல் காலை 8.30-க்கு ஒருவர் அளந்து எழுத வேண்டும். கடினமானது இந்த இரண்டாவதுதான். பெருமழை நாளில் மணிக்கொரு முறையாவது பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் எழுதினால்தான் எந்த அளவைத் தாண்டினால் ஓடை பெருகும், எங்கே மண் இளகும் என்பது பிடிபடும். (மணிலாவில் இயேசு சபைக் குருக்கள் 1865-இல் தொடங்கிய வானிலை ஆய்வகமும் இப்படித் தினமும் எழுதிய குறிப்பேட்டில்தான் வளர்ந்தது, 1879-இல் அருட்தந்தை ஃபவுரா புயலை முன்னறிவித்தார்.) நம் மலைப்பங்குகளில் கோவில் வளாகமும் உண்டு, தினமும் காலையில் அங்கு வரும் உபதேசியாரும் உண்டு, ஊருக்கே கேட்கும் மணியும் உண்டு.

ஆனால் கருவியை மந்திரித்து வைத்து, படம் எடுத்துக்கொண்டு கலைந்தால் பயனில்லை. எந்த அளவில் மணி அடிப்பது, நள்ளிரவில் யார் யாரை எழுப்புவது, லைன் வீட்டுக் குடும்பங்கள் எந்தப் பள்ளிக்குப் போவது, அதன் சாவி யாரிடம் இருக்கும் என்பவற்றைப் பங்குப் பேரவை பருவமழைக்கு முன்பே, மே மாதக் கூட்டத்தில், தோட்ட நிர்வாகத்தையும் கிராம நிர்வாக அலுவலரையும் உடன் வைத்துக்கொண்டு எழுதி முடிக்க வேண்டும்.