40 வயதுக்குக் காத்திருக்காத கால்

மலேசியாவில் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டம் 2019 ஏப்ரலில் தொடங்கியபோது வயது வரம்பு 50. மறு ஆண்டே அது 40 ஆனது. அதே 2019இல் வந்த மைசலாம் காப்பீட்டுத் திட்டம் 18 வயதிலிருந்து 55 வரை என்றது. பிறகு 65 வரை நீண்டது. எலும்புப் புற்றுநோயில் முதன்மையான ஆஸ்டியோசார்கோமா பெரும்பாலும் 10 வயதுக்கும் 20 வயதுக்கும் இடையில் வருகிறது. அதுவும் முழங்காலை ஒட்டியே அதிகம் வருகிறது. இந்த எண்களை ஒரே தாளில் எழுதிப் பார்க்க யாருக்கும் ஐந்து நிமிடம் கிடைக்கவில்லையா?

மருத்துவம் கைவிரித்திருந்தால் நாம் பேசாமல் இருந்திருப்போம். 1970கள் வரை பெரும்பாலும் காலை வெட்டுவதுதான் வழி. வெட்டிய பிறகும் பிழைத்தவர்கள் சொற்பம். இன்று முதலில் கீமோதெரபி, பிறகு கட்டியுள்ள எலும்பை மட்டும் அகற்றி அங்கே உலோக எலும்பும் மூட்டும் பொருத்துதல் என்று பெரும்பாலோரின் கால் காப்பாற்றப்படுகிறது. வளரும் பிள்ளைக்கு நீட்டக்கூடிய உலோகமும் உண்டு. கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் கிளந்தான் குபாங் கிரியானிலும் இதற்குத் தேர்ந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அரசு மருத்துவமனையின் வார்டு கட்டணம் சில ரிங்கிட்தான் என்பதால் உலோக எலும்பும் அதில் அடங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். பெக்கா பி40 மருத்துவக் கருவிக்கு 20,000 ரிங்கிட் வரை தருகிறது. புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்தவருக்கு 1,000. தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வரை. மலாக்காவின் ஜாசினிலோ தெபோங்கிலோ தோட்டத்து வீட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழும் 13 வயதுப் பிள்ளைக்கு இந்த மூன்றும் தேவை. மூன்றும் கிடையாது, அந்தப் பிள்ளைக்கு இன்னும் 40 ஆகவில்லை!

மருத்துவ உதவி நிதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 2005 முதல். சமூகநல அதிகாரியின் விசாரணை, சம்பளச் சீட்டு, வீட்டுச் செலவுக் கணக்கு, பிறகு ஒப்புதல். கட்டி இந்தப் படிவங்களுக்காகக் காத்திருக்காது. பிள்ளையோடு மாதக்கணக்கில் தலைநகருக்கு அலையும் தாய்க்கு நாள் சம்பளமும் போகிறது. உரிமையாக வர வேண்டியதைக் கெஞ்சிப் பெற வைப்பதற்குப் பெயர் உதவியா?

வயதுக் கோட்டை நகர்த்த முடியாது என்றும் யாரும் சொல்ல முடியாது. ஒன்றில் 50ஐ 40 ஆக்கினார்கள், இன்னொன்றில் 55ஐ 65 ஆக்கினார்கள். இரண்டு முறை நகர்ந்த கோடு ஒருமுறைகூடப் பிள்ளைகள் பக்கம் வரவில்லை. ஓட்டுரிமை உள்ளவனின் முழங்கால் மட்டும்தான் முழங்காலா?

இப்படிக் கோடு போடும் அரசு மேசைகளை நமக்குப் புதிதாகவா தெரியும்? ரப்பர் முதன்முதலில் வணிகத் தோட்டமானது 1896இல், இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில். அந்த ரப்பரை வெட்டியவர்களின் வாரிசுகள் மாதச் சம்பளம் கேட்டுக் கேட்டுத் தலைமுறைகள் கழிந்தன. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல்தான் வந்தது, அதுவும் 900 ரிங்கிட். டிரெசர் எனும் மருத்துவ உதவியாளர் இருந்த தோட்ட மருந்தகங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. பதிலுக்கு என்ன வந்தது? முழங்கால் வீக்கத்தைச் சுளுக்கு என்று உருவிவிடும் கைகள்தான் மிஞ்சின. புற்றுக்கட்டியை உருவுவதைவிடப் பெரிய கேடு இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்து மலிவு வீடுகளில் ஒதுங்கியபோதும் இதே மேசைகள் கோப்பு புரட்டிக்கொண்டுதான் இருந்தன.

சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன், இறக்குமதிக்குக் காத்திராமல் உள்நாட்டிலேயே செய்த உலோக எலும்பால் ஏழைகளின் கால்களைக் காத்தார். 2007இல் பத்மஸ்ரீ பெற்றார். தமிழகத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்தையே ஓர் அலகாக எடுத்துக்கொள்கிறது. பிள்ளையின் வயதைக் கேட்டு வாசலில் நிறுத்துவதில்லை. நம்மைவிட வசதி குறைந்த ஊரில் முடிந்தது இங்கே முடியாதா?

வழியைக் கண்டுபிடிப்பது சம்பளம் வாங்குபவர்களின் வேலை. வரம்பைத் தளர்த்துவார்களோ, தனி நிதி வைப்பார்களோ, அது அவர்கள் பாடு. ஆனால் காப்பாற்றக்கூடிய ஒரு காலை வயதைக் காட்டி இழக்க வைத்தால், அதை வெட்டியது புற்றுநோய் அல்ல. அந்தக் கோட்டைக் கிழித்த பேனா.