கைபேசி வைத்தியத்துக்குப் பரீட்சை வேண்டும்

இரத்த அழுத்தம் சொல்லவும், கர்ப்பிணிக்குப் புத்தி கூறவும், சர்க்கரை நோயாளிக்கு ஆகாரம் விதிக்கவும் இன்று கைபேசியிலே செயலிகள் லட்சக்கணக்கில் வந்துவிட்டன. இவற்றுள் எது நம்பத்தக்கது, எது தகாதது என்று ஜனங்கள் அறிவதற்குள்ள வழி யாது? செயலியின் பேருக்குக் கீழே மின்னும் ஐந்து நட்சத்திரங்களேயாம்! முன்பின் அறியாத எவரோ போட்ட நட்சத்திரத்தை நம்பி ஒருவன் தன் உடம்பை ஒப்புவிப்பது வைத்தியமா, ஜோசியமா என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும்.

இது வீண் பயமன்று. அமெரிக்காவில் 'இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்' என்றொரு செயலி 2014 ஜூன் முதல் 2015 ஜூலை வரையில் விற்பனையாயிற்று. கையில் பட்டை கட்ட வேண்டாம். காமிராவின்மேல் விரலை வைத்துக் கைபேசியை மார்பில் அழுத்தினால் இரத்த அழுத்தம் தெரிந்துவிடும் என்றார்கள். சுமார் ஐந்து டாலர் கொடுத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வாங்கினர். பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியர்கள் 85 பேரை வைத்துச் சோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். மெய்யாகவே அழுத்தம் மிகுந்திருந்தவர்களில் ஐந்தில் ஏறக்குறைய நால்வருக்கு, 'உமக்கு ஒன்றுமில்லை' என்று அந்தச் செயலி சொல்லியிருந்தது! பக்கவாதம் வரக் காத்திருப்பவனுக்கு இதைவிட இனிமையான பொய் வேறென்ன வேண்டும்? வாங்கியவர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. மகிழ்ச்சி வேறு, உண்மை வேறு.

இனி நமது கள்ளக்குறிச்சி ஜில்லாவுக்கு வருவோம். இது 2019 நவம்பரில் விழுப்புரத்தினின்றும் பிரிக்கப்பட்டது. 2022 ஜனவரியில் வைத்தியக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. ஆனால் மேற்கே கல்வராயன் மலையில் வாழும் மலையாளிகளுக்கு (இவர்கள் கேரளத்தாரல்லர், தமிழ் பேசும் பழங்குடியினர்) நல்ல பாதையும் பக்கத்தில் வைத்தியரும் இன்னும் எட்டாக்கனியே. அந்த மலை ஜாகீர்தாரர்களிடமிருந்து சர்க்கார் கைக்கு வந்ததே 1976-இல்தான். இத்தகைய இடத்துக்குத்தான், 'ஆஸ்பத்திரி தூரமாயிருந்தாலென்ன, கைபேசி இருக்கிறதே' என்று உபதேசம் செய்கிறார்கள். ஒன்றுமில்லாததற்கு ஏதோ ஒன்று மேல் என்பது அவர்கள் வாதம். நாம் இதை ஒப்புக்கொள்வதற்கில்லை. தவறான வழிகாட்டி, வழிகாட்டியே இல்லாமையைவிடக் கொடியது.

2024 ஜூன் மாதத்தை எண்ணிப் பாருங்கள். கருணாபுரத்திலும் சுற்றிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்த விஷம் முதலில் சாதாரண மயக்கம் போலவே தோன்றும். பல மணி நேரம் சென்ற பின்னரே வயிற்றுவலியும் வாந்தியும் கண் மங்கலும் முற்றும். அந்த இடைக்காலத்திலேயே நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். நோய்க்குறி கேட்டு நோய் சொல்லும் செயலி ஒன்றில், 'வாந்தி, வயிற்றுவலி' என்று அன்று ஒருவன் எழுதியிருந்தால், 'நேற்று என்ன குடித்தாய்?' என்று அது கேட்டிருக்குமா? அல்லது அஜீரணம் என்று சொல்லி அவனை வீட்டிலேயே படுக்க வைத்திருக்குமா? கள்ளக்குறிச்சியில் ஒரு செயலியின் தரத்தை அளக்க இதைவிட நல்ல கேள்வி நமக்குத் தோன்றவில்லை.

தரத்தை அளக்கச் சாஸ்திரிகள் முயலாமலில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலே 2015-இல் வகுத்த 'மார்ஸ்' என்னும் அளவுகோல் 23 கேள்விகளைக் கொண்டது. மனத்தை ஈர்க்கிறதா, எளிதில் இயங்குகிறதா, அழகாயிருக்கிறதா, தகவல் சரியா என்று மதிப்பெண் போடச் சொல்கிறது. நல்ல முயற்சியே. ஆயினும் மதிப்பெண் போடுபவர் மின்விசிறியின் கீழ் அமர்ந்து போடுகிறார்! அலைவரிசை எட்டாத மலைச்சரிவில் அது திறக்குமா என்று யார் பார்ப்பது? கைபேசி அலை எட்டாத 24,680 கிராமங்களுக்குக் கோபுரம் வைக்க மத்திய சர்க்கார் 2022-இல் திட்டம் போட்டதே, இக்குறையின் அளவைக் காட்டும்.

பாஷை விஷயமும் உண்டு. தடுப்பூசிக்குப் பேர் பதிந்த 'கோவின்' தளம் நெடுநாள் ஆங்கிலத்திலேயே இருந்தது. 2021 ஜூனில் பிற பாஷைகளைச் சேர்த்தபோதும் முதலில் தமிழை மறந்தார்கள். கூச்சல் எழுந்த பிறகே சேர்த்தார்கள். சேர்க்கும் தமிழும் படித்தால் விளங்கும் தமிழாயிருக்க வேண்டாமா?

செயலி முழுதும் ஆகாதென்பது நமது கட்சியன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் பெண் ஊழியர்கள் வீடுதோறும் சென்று, கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்த்து, அதைச் செயலியில் பதிகிறார்கள். அங்கே செயலி வைத்தியன் அன்று, கணக்குப்பிள்ளை. அந்த உத்தியோகத்துக்கு அது தகும்.

வழக்குமன்றத்தில், ஒன்றை மெய்யென்று சொல்பவனே அதை ரூபிக்க வேண்டும். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டமும், 2024 ஜூலையில் அதன் இடத்தில் வந்த புதிய சட்டமும் இதில் ஒரே குரல். செயலி விஷயத்தில் மட்டும் இந்நியாயம் தலைகீழாக நிற்கிறது. நோயைக் கண்டறியும் மென்பொருளும் வைத்தியக் கருவியே என்று 2020 ஏப்ரல் முதல் நமது விதிகள் சொல்கின்றன. ஆனால் 'இது வைத்திய ஆலோசனை அன்று' என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டுவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஜெர்மனியில் 2020 முதல் செயலியையும் வைத்தியர் சீட்டெழுதிக் கொடுக்கிறார். ஆனால் பயன் உண்டென்று சர்க்கார் ஸ்தாபனத்தின் முன் காட்டவேண்டிய பொறுப்பு செய்தவனைச் சேர்ந்தது. ஆரம்பத்தில் காட்ட இயலாவிடில் வழக்கமாக ஒரு வருஷ அவகாசம் உண்டு. அதற்குள்ளும் காட்டாவிடில் பட்டியலினின்றும் நீக்கப்படும்.

நமது சுகாதார இலாகாவும் இத்தகைய பட்டியலொன்றைத் தமிழில் வெளியிட்டு, ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் ஒட்டலாம். சோதிப்போர் குழுவில் டாக்டர்களோடு, மலையேறி உழைக்கும் கிராம நர்ஸுக்கும் ஓரிடம் கொடுக்க வேண்டும். நோயாளியின் விவரம் யாரிடம் போகிறதென்பதையும் அந்தப் பட்டியல் சொல்ல வேண்டும். முதல் பரீட்சையை மலைத் தாலுகாவின் தலைமையிடமாகிய வெள்ளிமலையில் நடத்தினால் தகும். பாம்பு கடித்தவனை விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அது சரியாக அனுப்புகிறதா, அல்லது பச்சிலை தேடச் சொல்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.