அரசே கண்டதில்லையா குர்துகள்? பாபான் சிற்றரசு சொல்லும் பதில்

குர்துகளைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு கருத்து இடம்பெற்றுவிடுகிறது: அவர்கள் மலையில் மந்தை மேய்த்துத் திரிந்த குலங்கள், தங்களுக்கென ஓர் அரசை ஒருநாளும் கண்டதில்லை, முதல் உலகப்போருக்குப் பின் எல்லைகளை வரைந்தவர்களும் அவர்களைக் கைவிட்டார்கள். கடைசியாகச் சொல்வது உண்மை. முதல் இரண்டும் பிழை, அதுவும் தீங்கான பிழை. ஒரு மக்களுக்கு ஆளத் தெரியாது என்று எழுதிவிட்டால், அவர்கள் கேட்கும் உரிமைக்குப் பதில் சொல்லும் பொறுப்பு எவருக்கும் இல்லாமல் போகிறது. இன்றைய ஈராக்கின் வடகிழக்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஆண்ட பாபான் சிற்றரசு ஒன்றே இதை மறுக்கப் போதுமானது.

முதலில் நாடோடி வாதம். பாபான் ஆட்சியாளர் இப்ராகிம் பாஷா 1784இல் கலா சுவாலானிலிருந்து தலைநகரை மாற்றுவதற்காகவே சுலைமானியாவைக் கட்டினார். பாக்தாதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த கிளாடியஸ் ஜேம்ஸ் ரிச் 1820இல் அங்கே தங்கி, கண்டதையெல்லாம் எழுதிவைத்தார். ஏறத்தாழ 2,000 முஸ்லிம் வீடுகள், அவற்றோடு யூதர், கல்தேயர், அர்மீனியர் குடும்பங்கள், பள்ளிவாசல்கள், குளியல் மண்டபங்கள், வணிகர் தங்கும் சத்திரங்கள் என்று ஒரு முழு நகரமே அவர் குறிப்புகளில் இருக்கிறது. எந்தக் குலத்தையும் சேராமல் நிலத்தை உழுது வாழ்ந்த குடியானவர்களையும் அவர் தனியே குறிப்பிடுகிறார். ஜாஃப் குலத்தார் கோடையில் மலைக்கும் குளிரில் சமவெளிக்கும் மந்தைகளோடு இடம்பெயர்ந்தது உண்மைதான். ஆனால் மேய்ப்பரையும் உழவரையும் வணிகரையும் ஒரே ஆட்சியின் கீழ் வைத்திருந்த அமைப்பைக் குலம் என்று சொல்லி முடித்துவிட முடியாது.

அடுத்தது, எழுத்து மரபில்லாதவர்கள் என்ற வாதம். பித்லிஸ் சிற்றரசின் ஆட்சியாளர் ஷரஃப் கான் 1597இலேயே குர்து அரச குலங்களின் வரலாற்றை ‘ஷரஃப்நாமா’ என்ற நூலாக எழுதி முடித்துவிட்டார். அது பாரசீகத்தில் எழுதப்பட்டது என்று குறை சொல்வார்கள். முகலாய அரசவையின் வரலாறுகளும் பாரசீகத்தில்தான் எழுதப்பட்டன. அதற்காக முகலாயர் அரசை எவரும் மறுப்பதில்லை. தவிர, சொந்த மொழியை இலக்கிய மொழியாக வளர்த்தவர்களே பாபான்கள். நாலி, சாலிம், குர்தி என்ற மூன்று கவிஞர்களும் அவர்கள் ஆட்சிக்காலத்தில் சுலைமானியாவின் குர்து வழக்கில் எழுதினார்கள். இன்றைய சோரானி குர்து எழுத்துமொழி அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. பாபான் நிலத்தில் பிறந்த மௌலானா காலித் டெல்லிவரை சென்று கற்றுத் திரும்பி, நக்‌ஷபந்தி சூஃபி மரபின் புதிய கிளை ஒன்றையே தொடங்கினார். பக்கத்து அர்தலான் சிற்றரசில் மஸ்தூரா என்ற பெண் தன் நாட்டின் வரலாற்றை எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அப்படி எழுதிய பெண்கள் உலகில் எங்குமே அரிது.

வலுவான எதிர்ப்பு இனித்தான் வருகிறது. பாபான்கள் ஒட்டோமான் சுல்தானுக்கு அடங்கியவர்கள். பாக்தாத் ஆளுநரும் ஈரானிய இளவரசரும் மாறிமாறி அவர்களை ஏற்றவும் இறக்கவும் செய்தார்கள். இதை அரசென்று எப்படிச் சொல்வது? அப்துர் ரஹ்மான் பாஷா ஒருமுறைக்கு மேல் பதவி இழந்து மீண்டதை நானும் மறுக்கவில்லை. ஆனால் மோல்டாவியாவுக்கும் வலாக்கியாவுக்கும் இளவரசர்களை இஸ்தான்புல்தான் நியமித்தது. அவற்றுக்கு அரசியல் வரலாறே இல்லை என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதுவதில்லை. குர்துகளுக்கு மட்டும் அளவுகோல் ஏன் மாறவேண்டும்? 1514இல் சால்திரான் போரில் வென்றபின், ஈரான் எல்லையைக் காக்க குர்துச் சிற்றரசர்களின் துணை ஒட்டோமான்களுக்குத் தேவைப்பட்டது. பதிலுக்குக் கொடுத்தது சிறிதல்ல. ஜஸீரா, பாலு போன்ற சில சிற்றரசுகளைப் பேரரசின் ஆவணங்களே தனி வகையில் வைத்தன. அங்கே ஆட்சி அந்தக் குடும்பத்துக்குள்ளேயே கைமாறும். மத்திய அரசு நிலத்தை அளக்காது. குதிரைவீரர்களுக்கு நிலமானியம் பிரித்துத் தராது. வரியும் வாரிசுரிமையும் உள்ளூர்க் கையில் இருந்தால், ஆட்சியும் அங்கேதான் இருக்கிறது.

இறுதியாக, உட்பகையால் தாமே அழிந்தார்கள் என்பார்கள். பாபான் குடும்பத்தில் சகோதரச் சண்டை ஓயாமல் நடந்தது. அந்நியர் நுழைய அது வழிவிட்டதும் உண்மை. ஆயினும் குர்துச் சிற்றரசுகளான சோரான் 1836இலும், போதான் 1847இலும், பாபான் 1850ஐ ஒட்டியும், ஈரான் பக்கத்து அர்தலான் 1860களிலும் அடுத்தடுத்து விழுந்ததற்கு நான்கு குடும்பச் சண்டைகளைக் காரணம் காட்டினால் பொருந்தாது. அதிகாரத்தைத் தலைநகரில் குவிக்க முனைந்த இரு பேரரசுகளும் படையாலும் ஆணையாலும் இவற்றை ஒழித்தன. இவை பொற்கால அரசுகள் என்று நான் வாதிடவில்லை. சோரானின் மீர் முகமது 1832இல் யசீதிகளைக் கொன்று குவித்தார். போதானின் பெதிர் கான் 1840களில் அசீரியக் கிறிஸ்தவர்கள்மீது அதே கொடுமையைச் செய்தார். அரசுகள் செய்யும் குற்றங்களை இவையும் செய்தன.

ஒழித்தபின் நடந்ததைத்தான் நம் கட்டுரைகள் தலைகீழாக்குகின்றன. குலங்களுக்கு இடையே வழக்குத் தீர்த்துவந்த சிற்றரசர் போனதும், அந்த இடத்தை இஸ்தான்புல்லின் அதிகாரிகளால் நிரப்ப முடியவில்லை. குலத்தலைவர்கள் தனித்தனியே மோதினார்கள். சமரசம் செய்த சூஃபி ஷேக்குகள் அரசியல் தலைவர்களாக உயர்ந்தார்கள். 1880இல் ஷேக் உபைதுல்லா கிளர்ந்தெழுந்தது இந்தச் சூழலில்தான். பின்னால் வந்த ஐரோப்பியப் பயணிகள் கண்ட குலப்பூசல் பழங்காலத்து எச்சமல்ல, அரசுகள் கலைக்கப்பட்டதன் விளைவு. குர்துகளைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் ‘அரசு கண்டிராதவர்கள்’ என்ற சொல்லைக் கைவிட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசு பறிக்கப்பட்டவர்கள் என்று எழுதவேண்டும்.