கொடுங்கை நீங்கலாக ஓர் ஒப்பந்தம்

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் பழைய வீட்டை எடுத்துக் கட்டுகிற யாரிடமும் பேசிப் பாருங்கள். கொத்தனார் ஏமாற்றிவிட்டார் என்பதில்தான் பேச்சு வந்து நிற்கும். அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் வழியாக மீமிசல் கடற்கரை வரை சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வளைகுடாவுக்கோ ஆள் போகாத தெரு குறைவு என்பதால், இந்தப் புலம்பலும் தெருவுக்குத் தெரு உண்டு. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள் நான். சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்காக, அப்பா காலத்து ஓட்டு வீட்டு வேலையைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நடந்த கோளாறில் பெரும்பங்கு போனில் இருந்தவனுடையது.

இரண்டு பக்கமும் திண்ணை, நடுவில் முற்றம், பனங்கை மேல் நாட்டு ஓடு, சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல் சுவர். வீடு அவ்வளவுதான். பின்கட்டுச் சுவரில் ஓதம் ஏறி, அடியில் காரை உதிர்ந்திருந்தது. தம்பி வீடியோவில் பார்த்துவிட்டு, “மொத்தமா கொத்திட்டு சிமெண்ட் பூசச் சொல்லுக்கா, ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்” என்றான். மேஸ்திரியும் தலையாட்டினார். பூசி முடித்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து தை பிறந்ததும் தட்டிப் பார்த்தால், இடுப்பு உயரத்துக்கு டொப்பு டொப்பென்று சத்தம். நகத்தைக் கொடுத்து நெம்பினேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து கையில் வந்தது. அதன் பின்பக்கம் முழுக்க வெள்ளை உப்பு.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. இந்த மாதிரிச் சுவர்களுக்கு அஸ்திவாரத்துக்கு மேலே ஈரம் தடுக்கும் கான்கிரீட் பட்டை கிடையாது. தரையின் ஈரத்தைச் சுவர் உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை மெல்ல வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு இறுகலானது, விடாது. உள்ளே மாட்டிய ஈரம் ஒன்று இன்னும் மேலே ஏறும், இல்லையென்றால் உப்பாகத் திரண்டு பூச்சைத் தள்ளும். பெயர்ந்த இடத்தில் மறுபடி சிமெண்ட் வைத்தால் ஓதம் அடுத்த அடிக்கு ஏறுமே தவிர இறங்காது.

மேஸ்திரிக்கு இது தெரியாதா? தெரியாது. கரணை பிடித்த நாளிலிருந்து அவர் பார்த்தது சிமெண்ட் மட்டும்தான். சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டுப் பக்குவம் பார்க்கிற வேலைக்கு நாளும் வேண்டும், பழகின கையும் வேண்டும். அந்தக் கைகள் கொஞ்சம் மிச்சமிருப்பது செட்டிநாட்டுப் பக்கம்தான். பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக்கியவர்கள் அங்கே அவர்களுக்கு வேலை கொடுக்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-லேயே ஏறிவிட்டன. எங்கள் ஊர் ஓட்டு வீடுகளுக்கு எந்தப் பட்டியலும் இல்லை, ஆகவே ஆளும் இல்லை.

தம்பி சிங்கப்பூரில் இருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடியில். அங்கே உள்சுவர் ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் வீவகவிடம் அனுமதி வாங்க வேண்டும், அவர்கள் பட்டியலில் பதிந்த ஒப்பந்தக்காரர்தான் கை வைக்கலாம், ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் சத்தமே கூடாது. அத்தனைக்கும் முணுமுணுக்காமல் கட்டுப்படுகிறவன், இங்கே என்றால் “அந்தச் சுவரைத் தட்டிவிடச் சொல்லுக்கா” என்று ஒரே வரியில் முடிக்கிறான். அது ஓட்டைத் தாங்குகிற சுவர் என்பது வீடியோவில் தெரிவதில்லை. வேலை முடிந்து அவன் கூப்பிடும்போது இங்கே பொழுது சாய்ந்திருக்கும். காலையில் முடிவானது ராத்திரி மாறும், மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து நிற்கிற ஆட்களுக்கு வேலை இருக்காது.

மேஸ்திரி ஒருநாள் என்னிடம் கேட்டார்: “நிமிந்தாள் ரெண்டு பேரு, சித்தாள் ரெண்டு பேரு நிறுத்தியிருக்கேங்கக்கா. தம்பி மாத்திச் சொன்னா இன்னிக்கு சம்பளம் யார் தலையில?” அவர் யோக்கியர் என்று சான்றிதழ் தரவில்லை. எங்கள் அட்வான்ஸில் வேறு வீட்டுச் சனிக்கிழமைச் சம்பளத்தை அடைத்தார், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. (ஒன்றுக்குக் கொடுத்த பணத்தில் வேறொன்று எழும்புவது எங்கள் ஊருக்குப் புதிதும் அல்ல. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பணத்தில் மாணிக்கவாசகர், இன்று ஆவுடையார்கோவில் எனப்படும் திருப்பெருந்துறையில் கோயில் எடுத்தார் என்பதுதானே தல வரலாறு.)

அந்தக் கோயிலைப் பற்றி இன்னொரு செய்தி. அதன் கொடுங்கையை, அதாவது வளைந்து இறங்கும் கூரை விளிம்பை, நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முழுக்கக் கருங்கல். ஆனால் கைமரம், குறுக்குச் சட்டம், அடித்த ஆணியின் தலை உட்பட மரக்கூரை வேலையை அப்படியே கல்லில் இறக்கியிருக்கிறார்கள். செதுக்கியவனுக்குத் தச்சு வேலையும் ஆணி வரைக்கும் தெரிந்திருக்கிறது. பின்னால் வந்த சிற்பிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ‘ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக’ மற்ற எதுவும் செய்து தருவோம் என்று எழுதிக் கொடுப்பார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. தாரமங்கலம் போன்ற கோயில்களின் பெயரும் அந்த விலக்குப் பட்டியலில் உண்டு. ஊர்ப்பெருமைக்காக நாங்கள் இதைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறோம். கணக்கெழுதினவளுக்கு அதில் வேறொன்று தெரிகிறது. என்ன செய்ய முடியாது என்பதை வேலையில் கை வைக்கும் முன்பே எழுத்தில் வைத்த ஒப்பந்தம் அது.

நாம் என்ன வைத்திருக்கிறோம்? ஜிபே ஸ்கிரீன்ஷாட். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் கட்டி விற்கிறவர்களுக்கானது, சொந்த வீட்டைப் பழுது பார்ப்பதற்கு வராது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வரும். வீடு கட்டித் தருவதும் அதில் சேவைதான். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். அங்கே முதல் கேள்வியே என்ன வேலைக்கு என்ன பேசினீர்கள் என்பதாகத்தான் இருக்கும். பணம் போன தேதி ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கிறது. சுவருக்குச் சிமெண்டா சுண்ணாம்பா என்பது அதில் இல்லை.

வீட்டை ஊரில் விட்டுவிட்டு வேலை செய்கிறவர்கள் ஒரே ஒரு தாளாவது எழுதியாக வேண்டும் என்பது என் கட்சி. தமிழில், மேஸ்திரி வாசித்துப் புரிந்துகொள்கிற மாதிரி. என்னென்ன செய்ய வேண்டும் என்று நீளமாக எழுதுவதைவிட, பழைய வீட்டில் எதைத் தொடக்கூடாது என்பதை முதலில் எழுதுவது முக்கியம். புது வீட்டில் தப்பானதை இடித்துத் திரும்பக் கட்டலாம். அறுத்துப் போட்ட பனங்கைக்கு வைரம் பாய்ந்த பனையை இனி எங்கே தேடுவது? பணத்தை வேலை முடிய முடியப் பிரித்துக் கொடுங்கள். கடைசிப் பகுதியை ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்தி வையுங்கள். நிறுத்துவதை முன்பே சொல்லிவிட்டால் மேஸ்திரிகள் பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள். வேலை முடிந்த பிறகு சொன்னால்தான் சண்டை. ஊரில் மேற்பார்வைக்கு நிற்கும் அக்காவுக்கோ மாமனாருக்கோ ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரத்தையும் அந்தத் தாளிலேயே கொடுங்கள். பழியை மட்டும் வாங்கிக்கொள்ள அவர்கள் எதற்கு?

முன்கட்டு வேலைக்கு நாங்கள் அப்படி எழுதினோம். ஓட்டுக்கூரை, முற்றம், திண்ணை மூன்றையும் தொடக்கூடாது. சுண்ணாம்புப் பூச்சுக்குக் காரைக்குடிப் பக்கமிருந்து தனியாக ஆள் வரும், அந்த நாட்களில் மேஸ்திரிக்குக் கூலி இல்லை. படித்துப் பார்த்த மேஸ்திரி தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: போனில் சொல்வது கணக்கில் வராது, அக்கா கையெழுத்துப் போட்ட மாற்றத்தைத்தான் செய்வேன், அதனால் வீணாகும் நாளுக்குக் கூலி உண்டு. நியாயம்தான், எழுதிவிட்டேன். தம்பி கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பினான், ‘திண்ணை’ என்ற சொல்லை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு. கார் நிறுத்த இடம் வேண்டுமாம். வருஷத்தில் ஒரு மாதம் வந்து நிற்கப்போகும் காருக்காக. இந்த வாரம் முழுக்க எங்களுக்குள் அதுதான் வாக்குவாதம்.